நான் தாண்டிப் போன வார்த்தை

எனக்கு அப்போது பதினாறு வயது. விழுப்புரத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்புதான். எல்லாப் பாடமும் தமிழில், இங்கிலீஷ் மட்டும் இங்கிலீஷில். மற்றதில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் இங்கிலீஷில் போனால் மொத்தமும் போயிற்று. அதனால் இங்கிலீஷ் பீரியட் என்றாலே எனக்குப் பயம். டீச்சர் வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். என் முறை எந்தப் பத்தியில் வரும் என்று தலைகளை எண்ணி, அந்தப் பத்தியை மட்டும் உதட்டுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்ப்பேன். நடுவில் ஒருத்தி திக்கி, டீச்சர் அவளை உட்கார வைத்துவிட்டால் என் கணக்கு தப்பிவிடும். அப்போது எழுந்து நிற்கும்போது எழுத்தே கண்ணுக்குத் தெரியாது.

நான் படிக்கக் காரணம் என் அண்ணன். எங்களுக்குக் கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் விளையும் மேட்டு நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, அப்பா விழுப்புரம் ரயில் நிலையத்தில் கூட்ஸ் ஷெட் வேலைக்கு வந்துவிட்டார். அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துபோனாள். பெரியவளானதும் என்னை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்னார். ராணுவத்தில் இருந்த அண்ணன் லீவில் வந்திருந்தான். "வேணாம்பா. நம்ம வூட்ல ஒருத்தராவது இங்கிலீஷ் படிச்சிப் புரிஞ்சிக்கணும். நான் அங்க போய் அவங்க பேசறது புரியாம முழிக்கறது போதும்" என்று சண்டை போட்டான். அப்பா விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்விதான் கேட்பான்: இங்கிலீஷ் எப்படிப் போகிறது? நன்றாகப் போகிறது என்று நான் எழுதுவேன். தேறுவேனா என்று எனக்கே தெரியாது.

எல்லையில் சண்டை நடந்து முடிந்த குளிர்காலம் அது. அண்ணன் எங்கோ வடக்கே மலையில் இருந்தான். பொங்கலுக்கு முன்னாலேயே கடிதம் வருவது நின்றுவிட்டது. எங்களோடு இருந்த அண்ணி ஒரு நாளும் அழவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் பல நாள் குழம்பு அடிப்பிடித்துத்தான் இருந்தது. திண்டிவனத்தில் அவள் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். "இந்த மூஞ்சியோட போய் அங்க நிக்க மாட்டேன்" என்று அண்ணி மறுத்துவிட்டாள்.

ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அண்ணி மடியில் ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உறையின் மேல் இங்கிலீஷில் அவள் பெயர் டைப் அடித்திருந்தது.

"மத்தியானமே வந்தது" என்றாள். "பிரிக்கல."

"பக்கத்து வூட்டு கார்டு சார்கிட்ட காட்டியிருக்கலாமே அண்ணி?" என்றேன். அவர் ரயில்வே கார்டு. நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்.

"எதுக்கு? நீ இருக்கியே. உங்க அண்ணன் இதுக்குத்தானே உன்னப் படிக்க வச்சாரு."

அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். நான் உறையைக் கிழித்தேன். ஏழெட்டு வரிதான். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. இரண்டு முகங்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பரீட்சையின் இரண்டாம் தாளில், தெரியாத ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். அதற்கு எங்கள் டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "தெரியாத வார்த்தை வந்தா அங்கயே நின்னுடாதீங்க. தாண்டிப் போங்க. மொத்தத்துல என்ன சொல்றான்னு பிடிங்க." இந்த ஒரு வேலையில் மட்டும் நான் கெட்டிக்காரி. வகுப்பில் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, நான் தாண்டித் தாண்டிப் போய்ப் பதிலைப் பிடித்துவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். 'ஃப்ராஸ்ட் பைட்' என்று இருந்தது. ஃப்ராஸ்ட் என்றால் பனி, பைட் என்றால் கடி. அடுத்து 'கிரீன்' என்று முடிகிற ஒரு சொல். ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஏ-யில் தொடங்கும் பத்தெழுத்துச் சொல் ஒன்று. பார்த்ததே இல்லை. தாண்டினேன். அதன் பக்கத்தில் 'லெஃப்ட் ஃபுட்.' லீவ், லெஃப்ட், லெஃப்ட் என்று வினைச்சொல் வாய்பாடு ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்த நாக்கு எனக்கு. லெஃப்ட் என்றால் புறப்பட்டான். ஃபுட் என்றால் பாதம். அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்த சொற்கள். உடல்நிலை திருப்திகரம். கவலைப்படக் காரணம் இல்லை. டிஸ்சார்ஜ் செய்யப்படுவார்.

"இன்னாம்மா எழுதிருக்குது?" என்றார் அப்பா.

"அண்ணனைப் பனி கடிச்சிருக்குதுப்பா. ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. இப்ப தேறிட்டாரு. கவலைப்பட வேணாம்னு எழுதிருக்காங்க. நடந்து கிளம்பிட்டாரு. டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க."

"பனி கடிக்குமா?" என்றாள் அண்ணி.

"அங்கல்லாம் அப்படித்தான் போல" என்றார் அப்பா.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமா? நடந்தாரா?"

"நடந்து கிளம்பிட்டாருன்னு போட்டிருக்குது அண்ணி."

அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே பூ வாங்கிவரச் சொன்னாள். மறுநாள் அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வளைகாப்புக்குத் திண்டிவனம் ரயில் ஏறிவிட்டாள். அப்பா கூட்ஸ் ஷெட்டில் எல்லாரிடமும் சொன்னார். "எம் பொண்ணு அப்படியே படிச்சிச் சொன்னா" என்று கூடவே சொன்னாராம்.

தாண்டிய இரண்டு சொற்களையும் நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தெரியாத சொற்களை அப்படி எழுதி வைப்பது பழக்கம். ஆனால் அகராதி தலைமையாசிரியை அறையில் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. அதைக் கேட்டு வாங்கப் பயம். தினம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் சொன்னதில் ஏதோ சரியில்லை என்று ஒரு அரிப்பு மட்டும் இருந்துகொண்டே இருந்தது. நடந்து கிளம்பியவனை எதற்காக டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்? சோறு வடிக்கும்போது இது தோன்றும். கஞ்சித் தண்ணி கையில் படும். உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, டீச்சர் என்னைத் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பி, பாடத்தில் வந்த ஒரு சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்துவரச் சொன்னார்கள். அதைப் பார்த்து முடித்தேன். அறையில் யாரும் இல்லை. ரஃப் நோட்டைத் திருப்பினேன். முதலில் 'காங்கிரீன்.' உடலின் ஒரு பகுதி அழுகிச் சாதல். பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். பிறகு 'ஆம்புட்டேஷன்.' உறுப்பை அறுத்து நீக்கல்.

அங்கே நின்றுகொண்டே கடிதத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி வாசித்தேன். லெஃப்ட் ஃபுட். லெஃப்ட் என்பதற்கு இடது என்றும் ஒரு பொருள் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த பொருள் அது. டிரில் மைதானத்தில் தினம் கத்துகிற சொல். அன்று மட்டும் அது என் தலைக்குள் வரவே இல்லை.

வகுப்புக்குத் திரும்பி, டீச்சர் கேட்ட சொல்லுக்குப் பொருள் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். உட்காரச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க அண்ணன் வர்றதுக்குள்ள சுவத்துக்கு வெள்ளை அடிச்சிடணும்" என்றார். கூட்டி வைத்திருந்ததை விட்டுவிட்டு, "அண்ணியப் போய் அழைச்சிக்கினு வரட்டுமாப்பா? சமைச்சிக்கினு படிக்க முடியல" என்றேன். பாதி உண்மை. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் திண்டிவனத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவர். அவருடன் போவதென்றால் சரி என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரில் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தேன். வகுப்பில் நான் அவ்வளவு பயந்த மனுஷி, ரயிலில் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டு ரொம்பக் களைத்துப்போனவராக இருந்தார். விக்கிரவாண்டி போயிற்று. பேரணி போயிற்று. மயிலம் தாண்டினால் திண்டிவனம்தான். மயிலத்தில் வண்டி நின்றபோது ரஃப் நோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்த ரெண்டு வார்த்தையும் ஒரே லெட்டர்ல வந்தா, டீச்சர், பக்கத்துல லெஃப்ட் ஃபுட்டுன்னு இருந்தா..."

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

"வீட்ல என்ன சொன்ன?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்கதான் டீச்சர், தெரியாத வார்த்தையத் தாண்டிப் போகச் சொன்னீங்க."

"அடிப் பாவி, பரீட்சைக்குச் சொன்னேன். லெட்டருக்கா சொன்னேன்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி கிளம்பிய பிறகும் திரும்பவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் வாங்க டீச்சர். என்னால சொல்ல முடியாது." "எனக்காக வீட்ல காத்துக்கினு இருப்பாங்க" என்று இழுத்தார். ஆனால் வந்தார்.

அண்ணியின் தாய் வீட்டு வாசலில் வளைகாப்புப் பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அண்ணி தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரா?" என்று ஓடிவந்தாள். டீச்சரைப் பார்த்து நின்றாள்.

"எங்க இங்கிலீஷ் டீச்சர், அண்ணி. அந்த லெட்டரை ஒருவாட்டி பாக்கணுமாம்."

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். டீச்சர் நின்றபடியே முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அண்ணியை உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னார். கடுங்குளிரில் கால் மரத்து அழுகிவிட்டது. உயிரைக் காப்பாற்ற இடது பாதத்தை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஆபத்து இல்லை. ராணுவ வேலையிலிருந்து விடுவித்து அனுப்புவார்கள். செயற்கைக் கால் பொருத்துவார்கள் என்று தானாகவும் சேர்த்துச் சொன்னார்.

அண்ணி கடிதத்தை வாங்கி மடித்தாள். "ஒன்னுதானே? இன்னொரு காலு நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஒண்ணைப் பத்திதான் எழுதியிருக்காங்க."

அண்ணி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை.

"பத்து நாளு இங்க சிரிச்சிக்கினு இருந்தேனே" என்றாள். "அவரு அங்க எப்படிக் கெடந்தாரோ. நான் இங்க பூ வச்சிக்கினு, பாட்டுப் பாடிக்கினு... தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, நீ?"

தெரியலை என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு அவ்வளவு பயம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? இங்கிலீஷ் நன்றாகப் போகிறது என்று அத்தனை கடிதத்தில் எழுதியவள் நான்.

மறுநாள் விழுப்புரம் திரும்பினோம். அப்பாவிடம் அண்ணிதான் சொன்னாள். "மொதல்ல சரியாப் புரியல மாமா. டீச்சர் படிச்சிச் சொன்னாங்க" என்றாள். யாருக்குப் புரியவில்லை என்று சொல்லவில்லை. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணி என் முன்னால் காகிதத்தை வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு எழுது. இங்கிலீஷ்ல. எப்ப அனுப்புவாங்க, வலி இருக்குதா, கை விரலு நல்லா இருக்குதா, அவரே ஏன் எழுதல. நாலும் கேளு."

"டீச்சர்கிட்ட எழுதித் தரச் சொல்றேன் அண்ணி."

"வேணாம். நீதான் எழுதணும்."

நாலு கேள்வி எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதுவேன், அடிப்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு பொருள் இருந்துவிடுமோ என்று பயம். பள்ளிக்கு எடுத்துப்போய் அகராதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இப்போது தலைமையாசிரியையிடம் கேட்கப் பயமில்லை. வேறு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று வாரத்தில் அண்ணனே தமிழில் எழுதினான். விரல்களில் கட்டுப் போட்டிருந்ததால் எழுத முடியவில்லையாம். கிறுக்கல் கிறுக்கலாக நாலு பதில். கடைசியில் வழக்கமாக வரும் கேள்வி அந்தக் கடிதத்தில் இல்லை.

மார்ச் மாதப் பரீட்சையில் இரண்டாம் தாள். படித்துப் பதில் எழுதும் பத்தி வந்தது. ஒரு கிழவர் படகில் ஏறும் கதை. மூன்றாவது வரியில் 'ரிலக்டன்ட்' என்று ஒரு சொல். தெரியவில்லை. தாண்ட வேண்டும் என்று தெரியும். கண் தாண்டவே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கிழவர் மூழ்கிப் போனாரா? யாராவது அவர் காலை வெட்டிவிட்டார்களா? இன்று எழுதும்போது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. அன்று உள்ளங்கை வியர்வையில் விடைத்தாள் நனைந்தது. மணி அடித்தபோது அந்தப் பத்திக்கு நான் ஒரு பதிலும் எழுதியிருக்கவில்லை. கடிதம் எழுதும் கேள்வியும் பாதியில் நின்றது.

ரிசல்ட் பேப்பரில் என் நம்பர் இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். இங்கிலீஷில் முப்பத்திரண்டு. மூன்று மார்க்கில் போயிற்று.

அடுத்த வாரம் அண்ணன் வந்தான். விழுப்புரம் ஜங்ஷனில் அவனை முதலில் பார்த்தது அண்ணிதான். இரண்டு கட்டைகளை ஊன்றிப் படியிலிருந்து இறங்கினான். பொருத்திய பாதத்தில் ஷூ போட்டிருந்ததால் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஃபெயிலான முகம் ஒன்று, பொய் வாசித்த முகம் ஒன்று. எதைக் காட்டுவது? அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். வீட்டில் நாலைந்து நாள் அவன் யாரிடமும் பேசவில்லை. என் மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டு அவன் இருக்கும் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஒரு காலையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். "உட்காரு" என்றான்.

உட்கார்ந்தேன்.

"பரீட்சைல எங்க நின்ன?"

"ஒரு வார்த்தைல அண்ணா. ரிலக்டன்ட்டுன்னு."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"மனசில்லாமன்னு அர்த்தம். கெழவரு மனசில்லாம படகுல ஏறினாரு. அவ்வளவுதான். தாண்டியிருக்கலாம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "உங்க அண்ணி எல்லாம் சொன்னா. நீ படிச்சிச் சொன்னது, டீச்சர் வந்தது, எல்லாம்." தண்ணீரை எடுத்துக் குடித்தான். "கால எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காகிதம் கொண்டாந்தாங்க. இங்கிலீஷ். கையெழுத்துப் போடுன்னாங்க. விரல்ல கட்டு இருந்ததால கட்டைவிரல் ரேகை எடுத்துக்கினாங்க. இன்னான்னு நான் கேக்கல. கேட்டா, இதுகூடப் படிக்கத் தெரியாதான்னு நெனப்பாங்கன்னு கூச்சம். எழுந்து பாத்தப்பதான் எனக்கே தெரியும்."

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"அழாத. அழறதுக்குச் சொல்லல" என்றான். "அக்டோபர்ல மறுபடி எழுதலாமாமே. எழுது."

எழுதினேன். தனித்தேர்வர்களுக்குச் சென்டர் திண்டிவனத்தில் போட்டிருந்தார்கள். அண்ணியின் தாய் வீட்டில் தங்கினேன். அண்ணனும் கூட வந்தான். இரண்டு நாளும் கட்டைகளை ஊன்றிக்கொண்டு பள்ளி வாசல் வரை நடந்து வந்து, எதிரே சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புதுப் பாதம் பழகாமல் தோல் உரிந்திருந்தது எனக்குத் தெரியும். ஹாலுக்குள் அந்தப் பத்தியைப் படிக்கத் தொடங்கியபோது மறுபடியும் நெஞ்சு அடித்தது. தெரியாத சொற்கள் மூன்று இருந்தன. மூன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போனேன். கேள்விகளில் ஒன்று அந்த மூன்றில் ஒரு சொல்லைப் பற்றியே கேட்டது. தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். மற்றதை எல்லாம் எழுதி முடித்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்தான். "இன்னா ஆச்சி?"

"தெரியல அண்ணா. வருமா வராதான்னு தெரியல."

"சரி. பசிக்குது, வா."

ரிசல்ட் வரும்வரை ஒரு நாள் தேறிவிட்டேன் என்று தோன்றும். மறுநாள் அந்த வெறுமையான இடம் கண்முன் வந்து நிற்கும். அப்பா காலையில் ஸ்டேஷனிலிருந்து பேப்பர் வாங்கிவந்தபோது நான் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். எண்கள் வரிசை வரிசையாக, எறும்பு மாதிரி பொடிப் பொடியாக அச்சாகியிருக்கும். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அண்ணன் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தேடினான்.

அண்ணிக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். இன்னொரு பக்கத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஒன்றையும் விடாமல், மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். கிணற்றடி வரை அந்தக் குரல் கேட்டது. என் எண்ணைச் சொன்னாள். ஒருமுறை நிறுத்தி, மறுபடி அதையே சொன்னாள்.